மாதம்மாள் காட்டில் நான் கட்டிய கோட்டை

செவ்வந்தி மாலை. பாப்பாரப்பட்டிச் சந்தையில் நானே முகர்ந்து பார்த்து வாங்கியது. அதைக் கல்லின் கழுத்தில், அதாவது கழுத்து என்று நானாக முடிவு செய்திருந்த இடத்தில், போட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்து கைகூப்பினேன்.

சுற்றிலும் முப்பது நாற்பது பேர். கரட்டூர் இளைஞர்கள் கட்டியிருந்த பேனர் காற்றில் படபடத்தது. அதில் குதிரைமேல் ஒரு ராஜா, ராஜாவுக்குப் பக்கத்தில் நான். ராஜாவைவிட நான் பெரிதாக இருந்தேன். குதிரையைவிடவும்.

"இந்தக் கோட்டையைக் காக்க உயிர் கொடுத்த, பெயர் தெரியாத வீரனே" என்று ஆரம்பித்தேன். தொண்டை கரகரத்தது. காலையில் குடித்த ஐஸ் மோர்தான் காரணம், ஆனால் கேட்பவர்களுக்கு அது உணர்ச்சியாகத்தான் கேட்டிருக்கும்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். என் பேச்சைக் கேட்டு அதுவரை யாரும் அழுததில்லை. ஓய்வுபெறும் நாளன்று நடந்த பிரிவு உபசார விழாவில்கூட எல்லோரும் ஒருவித நிம்மதியோடுதான் கை தட்டினார்கள். எனவே உற்சாகம் வந்து, குரலை இன்னும் கொஞ்சம் நடுங்கவிட்டேன். குலுங்கல் அதிகமாயிற்று.

அவர் பெயர் மாதம்மாள். நான் நின்றுகொண்டிருந்த காடு, எங்கள் பக்கத்தில் விளைநிலத்தை அப்படித்தான் சொல்வோம், அவருடையது. நான் மாலை போட்ட நடுகல், அவருடைய வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பாதி கொத்தி, விரிசல் விட்டதால் உருட்டிவிட்ட அம்மிக்கல்.

கல்லின் இந்தக் கதை எனக்குத் தெரிய இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது.

நடுகல் ஜுரம்

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல் தடுக்கி விழுந்தால், அது நடுகல்லாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், ரேஷன் கடைக்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் ஒரு வீரன் வில்லோடும் வாளோடும் நிற்பான். இப்படிப்பட்ட சீமையில் பிறந்தவனுக்கு ஒரு ஜுரம் வரும். நிற்கிற கல்லெல்லாம் வீரனாகத் தெரியும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. மருந்து கொடுக்க வேண்டிய குணசேகரனுக்கு என்னைவிட முற்றியிருந்தது.

குணசேகரன் அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒருமுறை பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி ஒரு வேலிக்குள் புதைந்து கிடந்த கல்லில் எழுத்து இருக்கிறது என்று இரண்டு பேரும் முள்ளில் படுத்துக்கொண்டு அரைமணி நேரம் படியெடுத்தோம். நான் கங்கர் காலம் என்றேன். அவன் நுளம்பர் என்றான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, "சேலம்னு போட்டிருக்குதுங்க" என்றார். தலைகீழாக நட்ட பழைய மைல்கல். அன்று திரும்பி வரும்போது வழியில் நின்ற எந்தக் கல்லையும் நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் நான் எழுதிய, சர்வே சங்கிலி இழுத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக இருந்த உங்களுக்கு மண்ணைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்காது" என்று எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரத்தைப் படித்துவிட்டு அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். சர்வேயருக்கு நிலம் என்பது நீளம், அகலம். உயரத்தைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

அகழியைக் கண்ட படலம்

கரட்டூர், பாப்பாரப்பட்டியிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு பாறைக் கரடு. அதன் சரிவில் மாதம்மாளின் காடு. இரண்டு மூன்று வருடத்துக்கு முன், ஆடி முடிகிற சமயம், ஒண்ணுக்கு ஒதுங்குவதற்காகத்தான் அங்கே வண்டியை நிறுத்தினோம். வரலாறு எங்கே எப்போது காத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சரிவில் வளைந்து வளைந்து மூன்று மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்தில் ஆழமான பள்ளம். ஒரு பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு தவளை. மேடுகள்மேல் ஊணாங்கொடியும் சப்பாத்திக் கள்ளியும்.

"அண்ணா" என்றான் குணசேகரன், வந்த வேலையை மறந்து. "மதில். அகழி."

மேடும் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கோட்டை. இதுதான் அன்றைக்கு என் மொத்தக் கோட்டையறிவு. காலடியால் அளந்தேன். குறிப்பேட்டில் வரைந்தேன். மேட்டின் முனையில் செங்குத்தாக நின்ற கல்லைக் கண்டதும் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதில் ஓர் உளித்தடம் எனக்கு வாளாகத் தெரிந்தது. ஒரு விரிசல் குணசேகரனுக்கு வில்லாகத் தெரிந்தது. நடுவில் புடைத்துக்கொண்டிருந்ததை வீரனின் மடித்த முழங்கால் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அப்போது கீழே தக்காளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த மாதம்மாள் களைக்கொத்தோடு மேலே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, ஆனால் முன்கை மட்டும் ஒரு பயில்வானுடையதைப் போல.

"என்னாங்க சார் தேடறீங்க?"

"இது கோட்டைம்மா. பல நூறு வருஷத்துக் கோட்டை."

"இதுங்களா? இது கல்லு ஒடைச்ச சக்கைங்க."

நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது. "கூடவே இருக்கறவங்களுக்கு அருமை தெரியாதும்மா" என்று சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார்.

மறுநாளே மனு எழுதினேன். மனு எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வாழ்நாள் முழுக்கப் பிறர் எழுதிய மனுக்களைப் படித்தவன் அல்லவா. 'தொன்மையான கோட்டை மதிலும் அகழியும் அழிவின் விளிம்பில்' என்று தலைப்பிட்டு, படம் வரைந்து, குறுக்கு வெட்டுத் தோற்றமெல்லாம் போட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினேன். மேடுகளில் யாரும் மண் அள்ளக் கூடாது, தொல்லியல் துறையிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை எந்த வேலையும் நடக்கக் கூடாது என்று மாதம்மாளுக்கு எழுத்தில் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நடவடிக்கை எடுக்கப்பட்ட மனு அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறுதான் பேனர், மாலை, கரகரப்பு எல்லாம்.

கடப்பாரையோடு ஒரு விருந்தாளி

பத்து நாள் கழித்து ஒரு காலை. என் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே வந்து, "உங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. கையில கடப்பாரை இருக்குது" என்றாள். "கூட்டிட்டு வரவா, இல்ல நீங்க ஊர்ல இல்லைன்னு சொல்லவா?"

மாதம்மாள் உட்கார மறுத்தார். காபியை நின்றபடியே குடித்தார்.

"சார், பண்ணைக்குட்டை வெட்ட உத்தரவு வாங்கி ரெண்டு மாசமாவுது. அந்தச் சக்கைக் குமிங்கள அள்ளிட்டு, பழைய பள்ளத்தையே அகலம் பண்ணி வெட்டறதுன்னு அளந்துட்டுப் போயிட்டாங்க. ஜேசிபிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். இப்ப நீங்க கோட்டைன்னு சொல்லிட்டீங்க. வண்டி திரும்பிப் போயிருச்சு."

"அது வந்து..."

"மழை வர்றதுக்குள்ள வெட்டலைன்னா உத்தரவு போயிரும். கெணத்துல இருக்கற தண்ணி மாசிக்கே காணாது. போன வருசம் பூ எடுத்த தக்காளி அப்படியே காஞ்சு நின்னுது. இந்த வருசமும் அத நின்னு பாக்கச் சொல்றீங்களா?"

காலி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். "கெளம்புங்க சார்" என்றார். "கோட்டைக்குள்ள என்னா இருக்குதுன்னு பாத்துட்டு வந்துரலாம்."

கடப்பாரையோடு அவர் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த காட்சியைத் தருமபுரி நகரமே பார்த்தது. யாரும் எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டி வரவில்லை.

ஒற்றைச் செருப்பு

"மேல ஏறுங்க" என்றார். மதில் என்று நான் அறிவித்திருந்த மேட்டில் ஏறினேன். "குதிங்க."

"எதுக்கு?"

"குதிங்க சார். சபையில அவ்வளவு பேசினீங்க, குதிக்க மாட்டீங்களா?"

குதித்தேன். காலுக்கடியில் கலகலவென்று சத்தம் வந்தது, பித்தளைக் குடத்துக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டியதைப் போல.

"மண்ணு மேடுன்னா தொப்புன்னு சத்தம் வரும். இது பூராவும் சில்லு. உளிபட்டுத் தெறிச்ச சில்லு. ஒண்ண எடுத்துப் பாருங்க, ஓரம் கைய அறுக்கும்."

அறுத்தது. ரத்தம் வந்தது. வரலாற்றுக்காக நான் சிந்திய ஒரே ரத்தம் அதுதான்.

மாதம்மாளும் அவர் வீட்டுக்காரரும் அந்தக் கரட்டில்தான் பல வருடம் கல் உடைத்தார்கள். அவர்களுக்கு முன்னால் மாதம்மாளின் மாமனார், மாமனாருக்கு முன்னால் யார் யாரோ. வீட்டுக்காரர் ஆப்பு அடிப்பார், மாதம்மாள் சில்லைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவார். மேட்டின் தலை ஏன் மேசை மாதிரி தட்டையாக இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "என் காலு சார்" என்றார். கூடை சுமப்பவர் முன்னே கொட்டிய குவியல்மேலேயே நடந்துபோய் அடுத்த கூடையை முனையில் கவிழ்ப்பாராம். அதனால் குவியல் நாக்கு மாதிரி நீண்டுகொண்டே போகும், முனை மட்டும் செங்குத்தாக இருக்கும். காவல் வீரர்கள் ரோந்து நடந்த பாதை என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தது அதைத்தான்.

"இன்னொண்ணு சொல்றன், சிரிக்காதீங்க" என்றார், தானே சிரித்துக்கொண்டு. "கல்லு இருக்கறது மேலப்பக்கம். சில்ல யாராச்சும் மேட்டுக்குத் தூக்குவாங்களா? பள்ளமாப் பாத்துக் கீழ தள்ளுவோம். அதனால குழி மேல, குமி கீழ. உங்க ராசா கரட்டு மேல இருந்தாரு, சரிதானுங்க? எதிரி கீழ இருந்து வர்றான். வந்தவன் மதிலு மேல ஏறி நின்னு வேடிக்கை பாப்பான். உள்ள இருந்து ஓடி வர்ற நம்ம ஆளுங்க எல்லாம் அகழியில விழுந்து கெடப்பாங்க. அப்படியா சார் கோட்டை கட்டுவாங்க?"

நான் சரிவை மேலும் கீழும் பார்த்தேன். பள்ளம் உள்ளே, மேடு வெளியே. உலகத்திலேயே சொந்தப் படையைப் பிடிப்பதற்காகக் கட்டிய ஒரே கோட்டையைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

பள்ளத்துக்குள் இறங்கினோம். பாறை முகத்தில் தீப்பெட்டி நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள், வரிசையாக, சம இடைவெளியில். அவற்றில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் பாறை கோடு போட்டதுபோலப் பிளக்குமாம். என் குறிப்பேட்டில் அவை 'கொடிக்கம்பம் நட்ட துளைகள்'. விரல் நீளத்துக் கொடி போலிருக்கிறது.

பிறகு மாதம்மாள் மேட்டின் பக்கவாட்டில் கடப்பாரையால் குத்திச் சரித்தார். சில்லு, சில்லு, மேலும் சில்லு. முழங்கை ஆழத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. இழுத்தார். ரப்பர் செருப்பு. இடது கால்.

நான் ஒரு நகைச்சுவை சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"இது எங்க வூட்டுக்காரருது" என்றார். "ஒத்தச் செருப்பக் காணோம்னு ஒரு வாரம் எங்கிட்டச் சண்டை. நீதான் கூடையோட அள்ளிக் கொட்டிட்டேன்னாரு. நான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணேன்." செருப்பைத் தொடையில் தட்டித் தூசியைப் போக்கினார். "நான்தான் கொட்டியிருக்கறன், பாருங்க."

வீட்டுக்காரர் இறந்து ஆறேழு வருடம் ஆகிறது என்று பிறகுதான் சொன்னார். செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க. எந்த ராசா காலம்?" என்றார்.

கோட்டையை இடிப்பது எப்படி

கோட்டை கட்ட எனக்கு ஒரு மனு போதுமாக இருந்தது. இடிக்க மூன்று மனு போட்டேன். 'முந்தைய மனுவில் கோட்டை என்று நான் குறிப்பிட்டிருந்தது கோட்டை அல்ல' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பிரிவு எழுத்தர் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், கோட்டைன்னு ஃபைல் போட்டாச்சு. நீங்க சொல்லித்தான் கோட்டை ஆச்சு, ஆனா நீங்க சொன்னா கோட்டை இல்லன்னு ஆவாது. தொல்லியல்ல இருந்து வந்து பாக்கணும்."

ஊரிலோ நிலைமை இன்னும் மோசம். டீக்கடைக்குக் கோட்டை டீ ஸ்டால் என்று பெயர் மாறியிருந்தது. நான் போய் மெதுவாக, "அது கோட்டை இல்லையாம்ப்பா" என்றேன். கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்தாமல், "போர்டு எழுதியாச்சுங்க" என்றார்.

நான் தினமும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மேகம் கறுத்த இரவுகளில் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டேன். மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட முதல் தருமபுரிக்காரன் நானாகத்தான் இருப்பேன். குணசேகரன் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தான். அவனும் ஒன்று போட்டுக்கொண்டான்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தொல்லியல் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் என் மனு.

"குறுக்கு வெட்டுத் தோற்றம் வரைஞ்சது யாரு?"

"நான்தாங்க. அதை மறந்துடுங்க" என்றேன்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அவரை மேட்டில் ஏற்றிக் குதிக்கவைத்தேன். சில்லை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஆப்புக் குழிகளைக் காட்டினேன். நடுகல்லைக் காட்டி, "அம்மி" என்றேன். காய்ந்த மாலை இன்னும் அதன்மேல் கிடந்தது. ஒரு வக்கீல் தன் கட்சிக்காரனையே தூக்குக்கு அனுப்ப வாதாடுவதுபோல நான் வாதாடிக்கொண்டிருந்தேன். அதிகாரி தலையாட்டினார். "ஆமா, இது குவாரிதான். சந்தேகமே இல்ல" என்றார். கூட வந்திருந்த குணசேகரன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகம் யாரை விட்டது? காட்டின் கீழ் எல்லையில் தாழ்வாக, நீளமாக ஒரு மண்மேடு ஓடியது. வேலி மாதிரி அதன்மேல் ஆமணக்கு நின்றது. யாரும் கேட்காமலே அதையும் காட்டினேன். "அதுவும் சக்கைதாங்க. எல்லாமே சக்கை. இந்த ஊர்ல சக்கையைத் தவிர ஒண்ணுமில்ல."

"சார்" என்றார் மாதம்மாள். "அது எங்களுது இல்லீங்."

அது எங்களுது இல்லீங்

அதிகாரி திரும்பினார். "என்னம்மா சொன்னீங்க?"

நான் அவசரமாக நடுவில் போய் நின்றேன். காரணம் சொல்கிறேன். மேலே இருக்கிற குமிகளும் கீழே இருக்கிற அந்த மேடும் ஒரே சர்வே எண்ணில் வருகின்றன. தடை போட்டால் எண்ணைச் சொல்லித்தான் போடுவார்கள். அந்த எண்ணுக்குள் ஒரு மூலையில் நிஜக் கோட்டை இருந்தாலும் மொத்தக் காட்டுக்கும் பூட்டு. குட்டை போயிற்று.

மாதம்மாள் பக்கத்தில் போய் முணுமுணுத்தேன். "பேசாம இரும்மா. குட்டை வேணுமா வேணாமா?"

"வேணுங்க. அதுக்காவ யாரோ போட்டதப் போயி நாங்க கொட்டினதுன்னு சொல்ல முடியுங்களா?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, அதிகாரியைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

"இங்க கல்லே இல்லீங்கம்மா. கல்லு இல்லாத எடத்துல கல்லு ஒடைக்க யாரு வருவாங்க? வேலிக்குக் கம்பம் நட இதுல நானே குழி பறிச்சிருக்கறன். ஒரு சில்லு கெடையாது. செகப்பு மண்ணு ஒரு படை, அதுக்கு மேல வெள்ளைச் சுக்கான் மண்ணு ஒரு படை, திரும்பச் செகப்பு. கூடையில கொண்டாந்து பரப்பிப் பரப்பி மிதிச்சாப்பல இருந்துது. ஓட்டாஞ்சில்லு வந்துது, பானை ஓடு."

அதிகாரி மேட்டின் சரிந்த ஓரத்தில் முட்டிபோட்டுக் கத்தியால் சுரண்டினார். படை படையாக நிறம் மாறியது. அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அகழி இருந்திருந்தா வெளிப்பக்கம் இருக்கணுமே" என்றார், தனக்குத்தானே.

"இருக்குதுங்க. தூந்து போச்சு. அந்தப் பக்கம் பாருங்க."

மேட்டுக்கு வெளியே தக்காளி. மாதம்மாளின் கொழுந்தன் முனிரத்தினம் போட்டது. தோட்டம் முழுவதும் செடி வாடி முழங்கால் உயரத்தில் நின்றது. மேட்டை ஒட்டி நீளமாக ஒரு பட்டையில் மட்டும் இடுப்பளவு, கரும்பச்சையாக. மேடு வளைகிற இடத்தில் அந்தப் பச்சையும் கூடவே வளைந்தது. வெட்டிய பள்ளம் வண்டலால் தூர்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு அகழி தெரிந்தது, தக்காளியால் கோடு போட்டதுபோல.

"நாங்க ராகி போட்டப்பவும் அந்தப் பட்டையில மட்டும் ஆளு ஒசரம் வரும்" என்றார் மாதம்மாள்.

அதிகாரி ஓட ஆரம்பித்தார். நிஜமாகவே ஓடினார். பூட்ஸ் காலோடு மேட்டின்மேல் ஏறி, வளைவு வரைக்கும் போய், அங்கிருந்து கையை ஆட்டினார். குணசேகரன் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன், எதற்கென்று தெரியாமல். "வாசல் இங்க இருந்திருக்கு, நேரா இல்லாம திருகி வெச்சிருக்காங்க" என்று அவர் சத்தம் போட, நாங்கள் மூன்று பேரும் ஆமணக்குச் செடிக்கு நடுவே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல இளித்துக்கொண்டு நின்றோம். தோற்றுப்போன கோட்டைக்காரனுக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். மாதம்மாள் கீழேயே நின்றார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளிப்பு அடங்கியது. என் பைக்குள் புலப்படம் இருந்தது. காட்டின் எல்லை அளவுகளெல்லாம் எழுதிய அந்த வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கம் விரித்தேன். முதன்முதலாக ஒரு உருப்படியான காரியம் செய்தேன். "மேடம், எண்ணைச் சொல்லித் தடை போடாதீங்க. மேட்டையும் அகழியையும் மட்டும் தனியா அளந்து, தனி அடையாளம் போட்டுத் தர்றேன். தடை அதுக்குள்ளே மட்டும் இருக்கட்டும். மேலே குவாரின்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்றேன். பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன்.

அதிகாரி யோசித்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தத் தடவை குறுக்கு வெட்டு வேணாம்" என்றார். பிறகு அங்கேயே எழுதினார்: மேல்பகுதி குவியல்கள் பழைய கல்குவாரிக் கழிவு, அகற்றத் தடையில்லை.

தொய்வில்லாமல்

அடுத்த வாரமே ஜேசிபி வந்தது. சக்கைக் குமியில் அது முதல் வாய் அள்ளியபோது கலகலவென்ற அந்தச் சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. நானும் அன்று போயிருந்தேன், அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய அளவை எடுப்பதற்காக.

புலப்படத்தின்படி மேடும் மாதம்மாளுடையது, அதற்கு வெளியே தூர்ந்துபோன அகழியும் மாதம்மாளுடையது. எல்லை அகழியின் அந்தப் பக்கக் கரை. பாகம் பிரித்த வருடத்திலிருந்தே முனிரத்தினம் ஒவ்வொரு உழவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, அகழியைத் தாண்டி மேட்டின் காலையே டிராக்டரால் சீவத் தொடங்கியிருந்தார். அளவு எடுக்கிறோம் என்று கேள்விப்பட்டு அவரும் வந்து நின்றார்.

"என்னாங்கண்ணி, நம்ம காட்டுக்குள்ள சர்வே?"

"எனக்கு என்னா தெரியும் தம்பி. சர்க்காருல, ராசா போட்ட வரப்பத் தொடக்கூடாதுன்னு சொல்றாங்க. அகழியையும் தொடக்கூடாதாம். எங்க வரைக்கும் அகழியோ அங்க வரைக்கும் கல்லு நடப் போறாங்களாம்" என்றார் மாதம்மாள், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

உண்மைக்காகக் குட்டையையே விடத் துணிந்த மகராசி என்று ஒரு வாரமாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை நான் வாபஸ் வாங்கவில்லை. கூடவே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முனிரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே போனார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மாதம்மாள்.

"நல்லவேளை, கோட்டை வந்துது" என்றேன். "இல்லைன்னா இந்த எல்லைத் தகராறு எப்பத் தீர்றது. அளந்து குடுங்கன்னு ஒரு மனு போட்டிருக்கலாமே?"

"போட்டங்களே" என்றார். "எங்க வூட்டுக்காரரு போயிச் சேந்த வருசத்துல இருந்து நாலு வருசம் போட்டேன். அப்ப இங்க இருந்த சர்வேயரு ஒரு தடவகூட வரல. ஆபீசுல போயிக் கேட்டா, நடுகல்லு பாக்கப் போயிருக்காருன்னு சொன்னாங்க."

ஜேசிபி ஒரு வாய் சில்லைக் கொட்டி முடிக்கும்வரை நான் நிமிரவில்லை.

"முழுசா இழுத்துப் புடிங்க சார்" என்றார் மாதம்மாள், அந்த முனையிலிருந்து. "தொய்வு இல்லாம அளங்க."

இழுத்துப் பிடித்தேன். முனிரத்தினத்தின் தக்காளியில் நான்கு சால் செடி எங்கள் பக்கம் வந்தது.